பத்து வருஷ மௌனத்துக்குப் பிறகு வந்த பிரெஞ்சு ராப் ஆல்பம்: புரியாதது என் காதா, பாட்டா?

கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வந்து பிரெஞ்சு படிக்கிறவர். தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் இடைநிலையான பி1 பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். பாரிஸ் பக்கத்தில் சார்செலில் இருக்கும் அவருடைய மாமா, எம்.சி. சொலார் என்ற மூத்த ராப் பாடகரின் 'ஜெயோபொயெதிக்' ஆல்பத்தை அனுப்பி, "இதைக் கேள், பிரெஞ்சு தானா வரும்" என்று சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் கேட்டுக்கேட்டுப் பார்த்தும் தலைகால் புரியவில்லையாம். கூடப் படிக்கிறவர்களோ ராப் கேட்டால் இருக்கிற பிரெஞ்சும் கெட்டுப்போகும் என்கிறார்களாம். தொடர்ந்து கேட்கலாமா, விட்டுவிடலாமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் வந்து ராப் பாடுவதில் அப்படி என்னதான் இருக்கிறது?

மேலே தெரிகிற கேள்வி கேட்கலாமா விடலாமா என்பதுதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன்: "எனக்குப் புரியாமல் போவது என் காதின் குறையா, அந்த ஆள் எழுதுகிற விதமே அப்படியா?" இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றது தானாகத் தீர்ந்துவிடும். நான் புதுச்சேரியில் பல வருஷமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவன். மொழியைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பீட், மிக்ஸிங் பற்றிச் சொல்வதெல்லாம் ஒரு ரசிகன் சொல்வது. அதற்கு அந்த அளவு மரியாதை கொடுத்தால் போதும்.

முதலில் உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். பிரெஞ்சு ராப்பில் சொலார் அளவுக்குத் தெளிவாக உச்சரிப்பவர்கள் குறைவு. நிதானமாகப் பாடுவார், எழுத்துகளை விழுங்கமாட்டார், கத்தமாட்டார். பி1 அளவில் இருப்பவர் ஒரு பாட்டை நாலைந்து தடவை கேட்டால் சொற்களில் நல்ல பங்கு காதில் விழுந்துவிடும். வம்பு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. சொல் விழுந்துவிடும், அகராதியில் அர்த்தமும் கிடைத்துவிடும், வரி மட்டும் பிடிபடாது. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைப்பது அவர் வழக்கம். காளமேகப் புலவரின் சிலேடைகளை உரை இல்லாமல் முதல் தடவை படித்தபோது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை சொல்லும் தெரிந்த சொல்லாகவே இருந்திருக்கும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். 1991-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் 'கரோலின்' என்று ஒரு பாட்டு. கைநழுவிப்போன காதலைப் பற்றியது. அதில் ஓர் இடத்தில் தன்னை ஒரு சீட்டாகச் சொல்லிக்கொள்கிறார்: நான் கிளாவர் ஏஸ், உன் இதயத்தைக் குத்துகிறேன், கரோலின் என்று. அகராதி வைத்துப் படித்தால் இவ்வளவுதான். ஆனால் குத்துவதற்கு அவர் போட்டிருக்கும் 'பிக்' என்ற சொல்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஸ்பேடு. இதயம் ஆட்டின். ஆக மூன்று ஜாதி வந்துவிட்டது. டைமண்ட் எங்கே? பிரெஞ்சில் டைமண்டுக்கு 'கரோ' என்று பெயர். அது அந்தப் பெண்ணின் பெயருக்குள்ளேயே முதல் இரண்டு அசையில் உட்கார்ந்திருக்கிறது. முழுச் சீட்டுக்கட்டும் ஒரே வரியில். எந்தச் சொல்லும் திணித்த மாதிரி இல்லை. வகுப்பில் இந்த வரியைப் பலகையில் எழுதி நான்கு ஜாதியையும் கண்டுபிடிக்கச் சொல்வேன். மூன்று வரைக்கும் மளமளவென்று கை தூக்குவார்கள். அதற்கப்புறம் வகுப்பு முழுக்க 'கரோலின், கரோலின்' என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் வீட்டில் ரம்மி ஆடுகிற பிள்ளைகள்தான் முதலில் பிடிப்பார்கள். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது.

நம் காதுக்கு இன்னொரு தனிச் சிக்கலும் இருக்கிறது. தமிழில் பாட்டைக் கேட்கும்போது வரியின் தலையைத்தான் கவனிப்போம். எதுகையும் மோனையும் அங்கேதானே இருக்கின்றன. பிரெஞ்சில் பேச்சின் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழுகிறது. அதனால் அவர்களுடைய ரைம் வரியின் வாலில் அடிக்கும். நம் யாப்பில் இயைபு என்று சொல்வது அதுதான். சொலார் வாலிலும் அடிப்பார், நடுவிலும் ஒரே ஓசையை நாலைந்து சொற்களில் தொடர்ந்து உருட்டுவார். வரியின் தலையிலேயே காத்துக்கொண்டிருக்கும் காது இதைத் தவறவிட்டுவிடும். திருப்புகழைப் பாடக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் வருகிறது; சந்தம் முன்னால் ஓட, பொருள் பின்னால் வந்து சேரும் அனுபவம் அவர்களுக்குப் பழக்கம். இந்தக் கடைசி விஷயம் வகுப்பில் பார்த்ததை வைத்து நான் சொல்வது, ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அழுத்தம் கடைசி அசையில் விழும் என்பது இலக்கணம், அதில் சந்தேகமில்லை.

சரி, யார் இந்த மனிதர்? இயற்பெயர் க்ளோத் எம்பராலி. 1969 மார்ச் 5 அன்று செனகலின் டக்காரில் பிறந்தவர். பெற்றோர் சாட் நாட்டவர்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிரான்ஸுக்கு வந்துவிட்டது. பாரிஸுக்கு வடக்கே சேன் தெனியிலும், அப்புறம் தென்கிழக்கே வில்நெவ் சேன் ஜோர்ஜிலும் வளர்ந்தார். சிறுவனாகக் கொஞ்ச காலம் கெய்ரோவில் உறவினர் வீட்டிலும் இருந்தார். உங்கள் மாமாவுக்கு இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். சார்செலில் அவர் ஏறுகிற ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயில்தான் சேன் தெனியில் நின்று, பாரிஸுக்கு அடியில் புகுந்து, வில்நெவ் சேன் ஜோர்ஜ் வழியாகப் போகிறது. புதுச்சேரியிலிருந்து போன குடும்பங்கள் பல குடியேறியதும் இந்த மாதிரிப் புறநகர் அடுக்குமாடிகளில்தான். மாமா அந்த ஆல்பத்தை அனுப்பியதற்கு மொழிப் பயிற்சியைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம் என்பது என் ஊகம். அந்தத் தலைமுறைக்கு சொலார் தங்கள் ரயில் பாதையில் வளர்ந்த ஆள்.

முதல் ஆல்பத்தின் தலைப்பே ஒரு விளையாட்டு. காற்றை விதைப்பவன் புயலை அறுப்பான் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. அதில் புயலை எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே ஓசையில் தொடங்கும் 'தெம்போ'வைப் போட்டார். காற்றை விதைப்பவன் தாளத்தை அறுப்பான் என்றாகிவிட்டது. பிரெஞ்சில் ராப் வருமா என்று அங்கேயே பலர் சந்தேகப்பட்ட காலம் அது. 1993-இல் அமெரிக்க ராப் பாடகர் குரு, ஜாஸும் ராப்பும் கலந்து 'ஜாஸ்மடாஸ்' என்ற ஆல்பம் செய்தபோது சொலாரைக் கூப்பிட்டு ஒரு பாட்டில் பாட வைத்தார். சொலார் அதில் பிரெஞ்சிலேயே பாடினார். 1994-இல் வந்த 'ப்ரோஸ் கொம்பா'தான் அவருடைய சிகரம் என்று பெரும்பாலான விமர்சகர்கள் சொல்வார்கள். எனக்கும் அதுதான் கட்சி. அதில் 'நூவோ வெஸ்டர்ன்' என்ற பாட்டு, செர்ஜ் கெய்ன்ஸ்பூர் என்ற பிரெஞ்சுப் பாடகரின் பழைய 'போனி அண்ட் க்ளைட்' இசைத்துண்டின் மேல் ஓடுகிறது. குதிரையில் வரும் கௌபாய்க் கதையாகத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிகழ்கால நகரத்துக்குள் வந்துவிடும். கதை இருப்பதால் உங்களை மாதிரிக் கற்பவர்களுக்கு நல்ல பாட்டு.

இங்கே ஒரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிரெஞ்சு ராப் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் அதற்கு நிச்சயம் பங்கு உண்டு. 1994-இல் நிறைவேறி 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பிரெஞ்சு ரேடியோக்கள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டாக இருக்க வேண்டும்; அதிலும் பாதி புதிய திறமைகளுக்கோ புதிய வெளியீடுகளுக்கோ போக வேண்டும். ரேடியோக்காரர்களுக்குப் புதிய பிரெஞ்சுப் பாட்டு தேவைப்பட்டது. ராப் பாடகர்களிடம் அது நிறைய இருந்தது. மார்செயின் ஐ.ஏ.எம்., சேன் தெனியின் என்.டி.எம். போன்ற ராப் குழுக்கள் எல்லாம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த காலம் அது. சொலார் அதற்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர். அதனாலேயே மற்றவர்கள் அவரை 'வாத்தியார்களுக்குப் பிடித்த ராப்' என்று கிண்டல் செய்தார்கள். கிண்டலில் உண்மை இல்லாமல் இல்லை. அவருடைய வரிகளை பிரான்ஸில் பள்ளி வகுப்புகளிலேயே எடுத்துப் படிக்கிறார்கள். நானும் வாத்தியார்தான், என்ன செய்வது.

அப்புறம் ஒரு வினோதம் நடந்தது. 1997, 1998-இல் வந்த இரண்டு ஆல்பங்களை வெளியிட்ட விதத்தில் ரெக்கார்டு கம்பெனியோடு தகராறு முற்றி, வழக்காகி, அவருடைய ஆரம்பகால ஆல்பங்கள் சந்தையிலிருந்தே மறைந்துபோயின. ஏறக்குறைய 20 வருஷம் அவை கடையிலும் கிடையாது, இணையத்தில் முறையாகவும் கிடையாது. 2021-இல்தான் மறுபடி வெளிவரத் தொடங்கின. ஆகஸ்ட் லீவுக்குப் பாரிஸிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கேசட்டும் சிடியும்தான் எங்கள் ஊரில் அந்த ஆல்பங்களுக்கு ஒரே வழியாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2017-இல் 'ஜெயோபொயெதிக்' வந்தபோது பிரான்ஸிலேயே இளைஞர்கள் பலர் அவருடைய முக்கியமான ஆல்பங்களைக் கேட்க வழி இல்லாமல் இருந்தார்கள். பேர் மட்டும் தெரியும், பாட்டு தெரியாது. அந்தச் சூழ்நிலையில்தான் அவர் திரும்பி வந்தார்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். 2001-இல் வந்த ஐந்தாவது ஆல்பத்துக்கு 'ஐந்தாவது ஏஸ்' என்று பெயர். 2003-இல் வந்த ஆறாவது 'மாக் 6'. 2007-இல் வந்த ஏழாவது 'அத்தியாயம் 7'. பிறகு பத்து வருஷம் ஸ்டுடியோ ஆல்பம் கிடையாது. ஆளே காணாமல் போய்விட்டார் என்று சொல்வது மிகை. 'லெசான்ஃபுவாரே' என்ற தர்ம நிதிக் கச்சேரிக் குழுவில் மேடையில் தெரிந்துகொண்டுதான் இருந்தார். 2017 நவம்பர் 3 அன்று எட்டாவது ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 48. தலைப்பில் எண் இல்லை. 2018-இல் பிரெஞ்சு இசைத்துறையின் 'விக்துவார்' விருதுகளில் இது பரிசு வாங்கியது. ராப்புக்கான பிரிவில் இல்லை, சான்சோன் ஆல்பத்துக்கான பிரிவில். அவர்களுடைய பழைய பாட்டு மரபின் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதை மரியாதை என்றும் பார்க்கலாம், ராப்பிலிருந்து மெல்ல ஓய்வு கொடுத்தது என்றும் பார்க்கலாம். எனக்கு இரண்டும் சேர்ந்தே தெரிகிறது.

வயதானவர் ராப் பாடினால் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். வயதேதான் இருக்கிறது. ஆல்பத்திலிருந்து முதலில் வெளிவந்த பாட்டு 'சொனோதோன்'. சொனோதோன் என்றால் காதுகேட்கும் கருவி. முதுமை தன் உடம்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, இளமை திரும்பக் கிடைக்காதா என்று ஏங்குகிற ஒருவன் பேசுவது. பத்து வருஷம் கழித்து வருகிற ராப் பாடகர், 'நான்தான் இன்னும் ராஜா' என்று மார்தட்டுவது வழக்கம். இவர் காதுக்கருவியோடு வந்து நின்றார். இத்தனைக்கும் 2001-இலேயே 'சொலார் ப்ளர்' என்ற பாட்டில் தன் சாவையும் அதற்குப் பின்னால் நடப்பதையும் கற்பனை செய்து பாடியவர். முப்பது சொச்ச வயதில் சாவைப் பாடுவது கொஞ்சம் நாடகம். நாற்பத்தெட்டில் மூட்டுவலியைப் பாடுவதற்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும். இது என் அபிப்பிராயம்தான், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

அந்த ஆல்பத்தில் நீங்கள் கட்டாயம் நேரம் செலவழிக்க வேண்டிய பாட்டு 'லே மிராபெல்'. மிராபெல் என்பது பிரான்ஸின் லொரேன் பகுதியில் விளைகிற சின்ன மஞ்சள் ப்ளம் பழம். பாட்டின் நடுவில் இருப்பது முதல் உலகப் போரில் சிக்கிய ஒரு கிராமம். இதற்குப் பின்னணி தேடி நீங்கள் வெகுதூரம் போகவேண்டாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து சற்றுத் தள்ளி, அந்தப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்ட பிரெஞ்சு இந்திய வீரர்களின் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஜூலை 14 வந்தால் விளக்குப் போடுகிறார்களே, அதுதான். சாதாரண நாளில் போய் அந்தக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி பாட்டைக் கேளுங்கள். பிரான்ஸில் கிராமத்துக்குக் கிராமம் இப்படி ஒரு சின்னம் உண்டு, பெயர்கள் செதுக்கியிருப்பார்கள். அந்தச் சின்னங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு ஏன் உறைக்கிறது என்பது, எங்கள் ஊர் சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு, விளக்கம் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

இந்த ஆல்பத்தின் தலைப்புகளில் உங்களைக் குழப்புகிற சிலவற்றை மட்டும் அவிழ்த்துவிடுகிறேன். 'எக்சாசோத்' என்று ஒரு சொல்லை எந்த அகராதியிலும் தேடாதீர்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று அதட்டும் 'எ கெ சா சோத்' என்ற பேச்சை ஒட்டி எழுதிய வேடிக்கை. 'சோன்மே' என்பது 'மேசோன்', அதாவது வீடு, அசை மாற்றிப் போட்டது. இப்படி அசைகளைத் திருப்பிப்போட்டுப் பேசுவதற்கு வெர்லான் என்று பெயர். புறநகர்ப் பிள்ளைகளின் பேச்சு என்று ஆரம்பித்து இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அப்புறம் 'சூப்பர் கெய்ன்ஸ்பார்'. கெய்ன்ஸ்பார் என்பது கெய்ன்ஸ்பூர் தன்னுடைய குடிகார, பரட்டைத்தலை உருவத்துக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். அவர் 1991 மார்ச்சில் இறந்தார், சொலாரின் முதல் ஆல்பம் அதே வருஷம் வந்தது. 'ஜெயோபொயெதிக்' என்ற சொல்லைப் பொறுத்தவரை, கென்னத் வைட் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் அதே பெயரில் ஒரு சிந்தனைப் போக்கை உருவாக்கி 1989-இல் அதற்கென்று கழகமே தொடங்கியது உண்மை. சொலார் அங்கிருந்துதான் தலைப்பை எடுத்தார் என்று யாராவது அடித்துச் சொன்னால், சொலார் வாயால் சொன்ன ஆதாரம் கேளுங்கள். புவியரசியல் என்பதற்குப் பிரெஞ்சில் இருக்கும் சொல்லில் அரசியலை எடுத்துவிட்டுக் கவிதையைப் போட்டார் என்று எளிமையாகவும் விளக்கலாம். அவருடைய முதல் தலைப்பிலிருந்தே அது அவர் பழக்கம்.

ஆல்பம் முழுவதும் இதே தரம் என்று சொன்னால் அது பொய். நீளம் அதிகம். நடுவில் வருகிற சில பாட்டுகள் அப்போதைய ஃபேஷன் எலெக்ட்ரானிக் சத்தத்தை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கின்றன. வார்த்தைகளும் அங்கே கொஞ்சம் சோம்பேறியாகின்றன. 'ப்ரோஸ் கொம்பா'வில் பீட்டுக்கும் குரலுக்கும் நடுவில் ஓர் இழுபறி இருக்கும், அது இதில் அபூர்வம். கல்யாணப் பந்தி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், இலையில் விழுந்த எல்லாவற்றையும் சாப்பிட்டே தீரவேண்டும் என்று இல்லை.

ராப் கேட்டால் பிரெஞ்சு கெடுமா என்பதற்கு வருவோம். கெடுவதற்கு வாய்ப்புள்ள இடங்கள் எவை என்பது திட்டவட்டமாகச் சொல்லக்கூடிய விஷயம். எதிர்மறை வாக்கியத்தில் வரவேண்டிய 'நெ' பேச்சிலும் பாட்டிலும் காணாமல் போகும். எழுத்துத் தேர்வில் அதை விட்டால் மார்க் போகும். சொல்லின் கடைசியில் இருக்கும் ஊமை 'எ' பழைய செய்யுளில் ஓர் அசையாகக் கணக்கிடப்படும், ராப்பில் தேவைக்கு ஏற்ப விழும், எழும். சொலாரிடம் இந்த இரண்டையும் தவிரப் பெரிய ஆபத்து இல்லை. அவருடைய வாக்கியங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட இலக்கணத்துக்குள்தான் நிற்கின்றன. இன்றைய இளம் ராப் பாடகர்கள் சிலரை பி1 அளவில் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. அங்கே அரபி, ஆப்பிரிக்க மொழிகள், வெர்லான், குரலை இயந்திரத்தால் மாற்றும் ஆட்டோட்யூன் எல்லாம் கலந்து வரும். அது தவறான பிரெஞ்சு என்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாத பிரெஞ்சு.

இன்னொரு பக்கம், மாமா சொன்ன மாதிரி பிரெஞ்சு தானாக வந்துவிடும் என்பதையும் நம்பவேண்டாம். தெல்ஃப் பி1-இல் கேட்டுப் புரிதலுக்கு 25 மார்க். மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் நான்கு பகுதிகளில் எதிலாவது 5-க்குக் கீழே போனால் மொத்தமும் போச்சு. அங்கே ஒலிக்கப்போவது இரண்டு பேர் பேசுவது, ரேடியோ நிகழ்ச்சித் துணுக்கு, இப்படி. நான்கு சீட்டு ஜாதியையும் கண்டுபிடிக்கும் திறமைக்கு அங்கே மார்க் கிடையாது. பாட்டால் உங்களுக்குக் கிடைப்பது வேறு: ஓசைகளைப் பிரித்துக் கேட்கும் பழக்கம், சொற்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் திகைக்காமல் இருப்பது, மூக்கொலிகளை வித்தியாசம் காட்டிச் சொல்வது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'ஆன்', 'ஓன்', 'ஏன்' மூன்றும் ஒன்றாகக் கேட்கிற வியாதி இருக்கிறதே, சொலாரின் ரைம்கள் அதற்கு நல்ல மருந்து. ரைம் என்பதால் ஒரே மூக்கொலி அடுத்தடுத்து நாலு தடவை விழும், காது பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுப் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்வதை நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே பாட்டு. 'கரோலின்' முதலில், அப்புறம் 'நூவோ வெஸ்டர்ன்', அதற்கப்புறம்தான் 'சொனோதோன்', 'லே மிராபெல்'. மஞ்சக்குப்பத்தில் ஏறினால் கிருமாம்பாக்கம் வருவதற்குள் ஒரு பாட்டை வரிகள் பார்க்காமல் சில தடவை கேட்டுவிடலாம். கேட்டதை, தப்போ சரியோ, காதில் விழுந்தபடி ஒரு தாளில் எழுதுங்கள். அரியாங்குப்பம் தாண்டியதும் வரிகளைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பல, ரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவை. தப்புகள் இருக்கும், அதுவும் சிலேடை இருக்கும் இடங்களில்தான் அதிகம் இருக்கும். நீங்கள் எழுதியதும் அதுவும் வேறுபட்டால் உடனே உங்களுடையதை அடித்துவிடாதீர்கள். மாமாவிடம் சிடி இருந்து அதோடு அச்சிட்ட வரிகளும் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாட்டில் ஆள் பெயர், ஊர்ப் பெயர், சினிமாப் பெயர் வந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு யார், எது என்று தேடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இந்த இடங்களில் கையை விரித்துவிடும். கடைசியாக, அவரோடு சேர்ந்தே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பஸ்ஸில் கூச்சமாக இருந்தால் சில்வர் பீச் பக்கம் சாயங்காலம் நடக்கும்போது செய்யலாம். பிரெஞ்சில் முணுமுணுக்கிறவரை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பரீட்சைக்கு முந்தின மூன்று வாரம் மட்டும் சொலாரை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆர்.எஃப்.ஐ. ரேடியோவின் எளிய பிரெஞ்சுச் செய்தியைத் தினமும் கேளுங்கள், தம்பி. பத்து நிமிஷம்தான், இலவசம், வரிகளும் கூடவே கிடைக்கும். பரீட்சை முடிந்த பிறகு 2024-இல் அவர் வெளியிட்ட 'லுவர் செலெஸ்த்' வரைக்கும் போகலாம். மாமா அதையும் அனுப்பியிருந்தால் வரிகளைத் திறக்காமல் கேளுங்கள், அதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும் எந்தச் சொல்லில் நின்று இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்று.